இளஞ்சிவப்புச் சீட்டில் ஒரு பெருவிரல்

என் தாயின் வாக்கை நான்தான் செல்லாததாக்கினேன்.

அவளுடையதை மட்டுமல்ல... அவள் வாக்கைக் காட்டி இன்னும் பதினெட்டுப் பேருடையதையும். எங்கள் ஊராட்சியின் தேர்தல் வரலாற்றை எழுதியவனும் நானே. அந்த வரலாற்றில் இந்த வரி இல்லை. மூன்று வருடமாக மறைத்துத் திரிந்து அலுத்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வரலாறு சிறியது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு நீலப் பலகை, அதில் தலைவர்களின் பெயர்கள். முதலாமவர், கோயில் பொட்டலில் கையைத் தூக்கச் சொல்லித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அடுத்த இருவர் போட்டியின்றி வந்தவர்கள். பிறகு பல வருடம் தேர்தலே இல்லை. அரசு அலுவலர் ஒருவர் ஜீப்பில் வந்து கையெழுத்திட்டுப் போவார். அதன் பின் சீனிவாசகம் அண்ணாச்சி, இரண்டு முறை. பெயர்கள்தான் வேறு, வீடு ஒன்று. ஊருக்குக் கிழக்கே மிளகாயும் பருத்தியும் விளையும் கரிசல் முழுக்க அந்தப் பெரிய வீட்டுக்காரர்களுடையது. எங்கள் தெருவின் தாத்தன்மார் அந்தக் கரிசலில் கூலி. எங்கள் தாய்மார் பட்டாசுக் கம்பெனியில் கூலி.

இரண்டாயிரத்து ஆறில் தலைவர் பதவி பெண்களுக்கென்று வந்தது. அண்ணாச்சியின் மனைவி நின்றார். எங்கள் தெருவிலிருந்து பாண்டியம்மாள் நின்றாள். என் அம்மாவோடு ஒரே அறையில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவள். சின்னம், பூட்டு சாவி. அவள் ஜெயித்தால் எங்கள் தெருப் பெயர் ஒன்று அந்தப் பலகையில் ஏறும், முதல் தடவையாக.

நான் யார் பக்கம் நின்றிருக்க வேண்டும்? நீங்கள் கேட்க வேண்டாம்... நானே தினம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது விருதுநகரில் கல்லூரி இறுதியாண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். அண்ணாச்சி ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க."

நாற்காலியைக் காட்டினார். என் அப்பா அந்த வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றே பேசிப் பழகியவர்.

"எண்ணுற எடத்துல சட்டம் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும் தம்பி. நம்ம பயலுகளுக்குச் சத்தம் போடத்தான் தெரியும்."

காசு தரவில்லை. வேலை வாங்கித் தருவதாகவும் சொல்லவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால், இன்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். ஒரு நாற்காலி, ஒரு 'வாங்க'... அவ்வளவுதான் என் விலை. இரண்டே நாளில் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டேன்.

வாக்குப்பதிவு தீபாவளிக்குச் சில நாள் முன்னால். சீசன் உச்சம். லோடு நிற்கிறதென்று கம்பெனியில் அன்றும் அரை நாள் வேலை வைத்தார்கள். மதியம் வேனிலிருந்து இறங்கிய பெண்கள் அப்படியே வரிசையில் போய் நின்றார்கள். அலுமினியப் பவுடர் ஏறிய கை தண்ணீருக்கெல்லாம் வெளுக்காது. ரேகைக்குள் சாம்பலாய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கையோடு சீட்டை வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள், மடித்துப் பெட்டியில் போட்டார்கள்.

எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கம்பி வலைக்கு அப்பால் அதிகாரி, இப்பால் முகவர்கள். பாண்டியம்மாளுக்கு முகவர், அவள் கொழுந்தன் மாடசாமி மாமா. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார்கள். பூட்டு சாவி கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஓரத்தில் சாம்பல் நிறப் பெருவிரல் பதிந்த ஒரு சீட்டு வந்தது.

"சார், ஆட்சேபணை. வாக்காளரை அடையாளம் காட்டுற குறி இருந்தா அந்த ஓட்டு செல்லாது" என்றேன்.

மாடசாமி மாமா சிரித்தார். "ஏலே, அது குறி இல்லலே. வேல பாத்த கை. சார், மருந்துக் கைங்க. இன்னைக்கு இங்கன எந்தப் பொம்பளை கையப் பாத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, அழுக்கு பட்டா செல்லாதுன்னு விதி இல்ல. இன்னார்னு தெரியணும். இது யாரு கைன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தாலே போதும்...

அந்த ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு ஓடியது. திரி வெட்டும் கத்தி என் அம்மாவின் பெருவிரலில் போட்ட கோடு. நான் ஒன்பதாவது படிக்கையில் பட்ட காயம். அது ஆறும்வரை அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவன் நான்.

"முடியும் சார். இது எங்க அம்மா கை."

மாடசாமி மாமா என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி, "இத ஒதுக்குனா இந்த மாதிரி எல்லாத்தையும் ஒதுக்கணுமே" என்றார். ஒதுக்கினார்கள். பத்தொன்பது சீட்டுகள். இரண்டைத் தவிர அத்தனையும் பூட்டு சாவி. பாண்டியம்மாள் ஆறு ஓட்டில் தோற்றாள்.

அந்தக் கணத்தில் எனக்குள் என்ன இருந்தது தெரியுமா? வருத்தம் இல்லை. வகுப்பில் சரியான விடை சொன்ன மாணவனின் சந்தோஷம்! அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

வெளியே வந்ததும் மாடசாமி மாமா தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். ஒங்காத்தா தாங்க மாட்டா. நீயா ஒரு நாள் சொல்லிரு."

அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"சொல்லிட்டியாலே?"

"இல்ல மாமா."

"சரி சரி. படிச்ச புள்ள, நல்ல நேரம் பாத்துத்தான் சொல்லுவ."

அடுத்த வருடம் கிராமசபையில் வாசிக்க ஊராட்சியின் தேர்தல் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். படித்தவன் நான்தானே. எழுதினேன். 'போதிய விழிப்புணர்வு இன்மையால், கைக்கறை பட்டுப் பத்தொன்பது வாக்குகள் செல்லாமல் போயின.' ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அம்மா அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

"வாஸ்தவந்தான்யா" என்றாள். "தேச்சுக் கழுவிட்டுப் போயிருக்கணும். எங்க கைதான் பாண்டிய கவுத்துருச்சு. அவ மூஞ்சிய எப்படித்தான் பாக்குறதுன்னு இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைக்கும் பாண்டியம்மாளிடம் இன்னும் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்...

இந்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அம்மா முந்தின நாளே கம்பெனிக்கு லீவு போட்டாள். விடிந்ததும் முற்றத்தில் குந்தி, புளியையும் சாம்பலையும் வைத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த இடம் சிவந்துபோயிருந்தது.

"அம்மா, இப்ப சீட்டு இல்ல. பட்டன்தான். கை எப்படி இருந்தாலும் ஓட்டு செல்லும்."

"இருக்கட்டும்யா. இன்னொருக்க என் கையால ஒரு ஓட்டு வீணாகக் கூடாது. நீ தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். பெருவிரலை வெளிச்சத்தில் நீட்டினாள். சாம்பல் போய், அந்தச் சாய்ந்த கோடு மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது.

"போயிருச்சா பாரு."

"போயிருச்சும்மா" என்றேன்.