மனைக்கடியில் சுண்ணாம்பு

வில்லியனூரில் நான் வாங்கிய மனையில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது, நான்கடி ஆழத்தில் மண் வெள்ளையாகிவிட்டது. ஈரமாக, வெண்ணெய் போல இருந்தது. அதில் இறங்கி நின்றவர் கால் எரிகிறது என்று மேலே ஏறினார். வெயிலில் அப்படித்தான் இருக்கும் என்றேன். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் நான்.

பக்கத்து வீட்டு அம்மா வேலியைத் தாண்டி வந்து அவர் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அறுபது வயதிருக்கும்.

"சுண்ணாம்பு சார் அது. இங்கதான் நீத்துவோம்."

அந்த மனை வரிசை முழுக்கச் சூளையாக இருந்ததாம். முகத்துவாரத்திலிருந்து வண்டியில் கிளிஞ்சல் வரும். கரியும் கிளிஞ்சலுமாக அடுக்கி எரிப்பார்கள். வெந்ததைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டால் கொதித்துப் பூக்கும்; அதுதான் நீற்றுவது. ஊர்ச் சுவருக்கும் கடைத்தெரு வெற்றிலைக்கும் அதுதான். சிமெண்டும் பெயிண்டும் வந்த பிறகு வாங்க ஆளில்லை.

"ஒரு வாரம் வேலைக்கு வராதீங்கன்னாரு மொதலாளி. அந்த வாரம் இன்னும் முடியல."

அந்த அம்மாவின் இடது கண் வெளுத்திருந்தது. புரை என்று நினைத்திருந்தேன். கொதிக்கும்போது தெறித்ததாம். முதலாளி என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அவரே வண்டில இட்டுகினு போயி ஆஸ்பத்திரில காட்டுனாரு. அப்புறம் சலிக்கிற வேலைக்கு மாத்திட்டாரு. அதுக்கு ஒரு கண்ணு போதுமாம்."

முதலாளியின் மகன்தான் எனக்கு மனை விற்றவர். கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். சூளை இருந்த இடம் என்று ஏன் சொல்லவில்லை என்று சண்டை போடப் போனேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். டீ வரவழைத்தார். இரண்டு டப்பா பெயிண்ட் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த மாதம் பக்கத்துக் கோயிலில் பழைய மண்டபத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை நடந்தது. நல்ல சுண்ணாம்பு கிடைக்காமல் மேஸ்திரி அலைவது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கூட்டி வந்தார். மேஸ்திரி குழியிலிருந்து கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். இத்தனை வருஷம் ஊறியது எங்கேயும் கிடைக்காது என்றார். டிராக்டரில் நான்கு நாள் அள்ளினார்கள்.

கல்லும் கட்டியும் போக வடிகட்டுவது எப்படி என்று மேஸ்திரியின் ஆட்களுக்குத் தெரியவில்லை. அந்த அம்மா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மேஸ்திரியிடம் போய், ஆண்களுக்குத் தரும் கூலியே தனக்கும் வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். இப்போது காலை எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் போகிறார். எனக்கு டேங்கை வீட்டின் மறுபக்கம் கட்டினார்கள். அங்கே வெறும் களிமண்தான்.