ஏகாம்பரம் வீட்டு விசேஷம்

ஈப்போவுக்கு நான் வந்த முதல் ஆண்டு, சீனப் புத்தாண்டு முடிந்து கடை திறந்த அன்று, எங்கள் இரும்புக்கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, என் கையில் ஒரு சிவப்பு உறையைத் திணித்தார். அங்பாவ் என்பார்கள். நம் ஊர் வழக்கத்தில் அவர் எதிரிலேயே பிரித்து, "லீமா ரிங்கிட்! திரிமா காசே, தவுக்கே!" என்று மலாயில் தொகையையும் நன்றியையும் கடை முழுக்கக் கேட்கும்படி கூவிவிட்டேன். ஐந்து வெள்ளி கொடுத்தவரைப் பெருமைப்படுத்துகிறேன் என்று எனக்கு நினைப்பு. அவருக்கோ முகம் சிவந்துவிட்டது. கொடுத்தது குறைவென்று குத்திக்காட்டுகிறேன் என எண்ணி இன்னொரு உறையை நீட்டினார். வேண்டாமென்று நான் கும்பிட, அவர் மேலும் குழம்பினார். இங்கே கொடுப்பதைச் சத்தமில்லாமல் கொடுக்கிறார்கள். நம் திருத்தணிப் பக்கம் மொய் வைத்தால் ஊர், பேர், தொகை மூன்றையும் தொண்டை கிழியக் கூவினால்தான் வைத்தவனுக்குச் சோறு இறங்கும்.

அப்படி ஊரெல்லாம் பேர் கூவப்பட்டவன் என் நண்பன் ஏகாம்பரம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போனவன். ஸ்டேஷன் ரோட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். தம்பி சண்முகம் காலையில் முதுகில் சுமந்துவந்து இறக்குவான். பொழுது சாய்ந்ததும் தூக்கிப்போவான். கல்யாணம், காதுகுத்து எதையும் ஏகாம்பரம் விடமாட்டான். தம்பி முதுகில் இருந்தபடியே மொய் வைப்பான். தனக்குக் கல்யாணம் ஆகாததால், அவன் வீட்டுக்கு வந்து திருப்பி வைக்க யாருக்கும் சந்தர்ப்பமே வரவில்லை.

சண்முகத்துக்குப் பட்டணத்தில் மில் வேலை கிடைத்துவிட்டது, அவன் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று கடிதம் வந்தபோது எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைப் பட்டணத்தில் செய்கிறார்கள். நம் பக்கத்து ஆட்களிடம் சொல்லிப் பணம் திரட்டி மணியார்டர் அனுப்பினேன். வாங்க மறுத்துத் திருப்பிவிட்டான். வந்த கோபத்தில் அந்த ஆடியிலேயே லீவு வாங்கிக் கப்பலேறினேன். ஊர் ஆந்திராவுக்கா சென்னை ராஜ்யத்துக்கா என்று டீக்கடைகளில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம்.

"நான் உன்னாண்ட கை நீட்டினேனா?" என்றான், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் காசு வேணாம்னா போ. ஊரெல்லாம் நீ வெச்ச மொய் இருக்குதே, அது உன் காசுதானே? ஒரு விசேஷம் வை."

"இன்னா விசேஷம்? எனக்குக் காது குத்தப் போறியா?"

"வண்டிக்குப் பூசை."

சிரித்தான். பிறகு, "வண்டிக்கு மொய் வெக்க எவன்டா வருவான்?" என்று கேட்டான். குரலில் பயம் இருந்தது. பணம் பத்தாவிட்டால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தான்.

விசேஷம் முடிந்ததும் பணம் கட்டுவதாக நான் பொறுப்பேற்று, வண்டியை ரயிலில் கொண்டுவந்தேன். பந்தலில் அதற்கு மாலை போட்டு நிறுத்தினோம். முதல் பந்தியில் உறவுக்காரர்கள் சிலர் மட்டும்தான். ஏகாம்பரம் என்னையே பார்த்தான். நான் வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தேன். அப்புறம் பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து நெசவுக்காரர்கள் கும்பலாக இறங்கினார்கள். "என் பொண்ணு கண்ணாலத்துக்கு முதுவுல தொங்கிகினு வந்தியே நைனா, உன் வூட்டு விசேஷத்துக்கு நான் வராம இருப்பனா?" என்றார் ஒரு பெரியவர். பள்ளிப்பட்டுக்காரர்கள் தெலுங்கில் கேலி பேசிக்கொண்டே வந்தார்கள். மொய் கூவியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "பத்தும்ணா, மேலயும் நிக்குது," என்று சண்முகம் வந்து சொன்னபோது ஏகாம்பரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கும் அழுகை வந்தது.

கடைசியாக நான் போய் நின்றேன். என் கல்யாணத்துக்கும் அவன் வைத்திருந்தான். கூவியவர் எங்கள் தெருக்காரர், நான் பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர். யோசிக்கவே இல்லை.

"ஈப்போ சுந்தரம், பத்து ரூபா!"

எனக்குச் சுருக்கென்றது. "நான் இந்த ஊருதானுங்களே," என்றேன்.

"ஆங், தெரியும்பா. திருப்பி வெக்கணும்னா எந்த ஊருக்கு வர்றது? அதைத்தானே கூவணும்?"

"கூவுங்க, கூவுங்க. அங்கியும் வண்டியிலயே வந்து வெக்கிறேன்," என்று சிரித்தபடி ஏகாம்பரம் கைப்பிடியைச் சுற்றினான். யார் முதுகும் இல்லாமல், தன் கடையைப் பார்க்க ஸ்டேஷன் ரோட்டில் போனான். பிறந்த தெருவில், ஈப்போ சுந்தரமாக, நான் அவன் பின்னால் ஓடினேன்.