கூரையை எரித்தவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

என் மகள் ஏழாம் வகுப்புப் படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் வைக்கிங்குகளைப் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். எனக்கு அதுவரை அந்தப் பெயரே தெரியாது. நான் பத்தாவது வரை படித்தவன். கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். மகள் வீட்டில் உரக்கப் படித்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதனால், பிள்ளைகளா, நான் சொல்வதில் தப்பிருந்தால் உங்கள் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆயிரம் வருடத்துக்கும் முன்னால், இன்றைக்கு இங்கிலாந்து என்கிற இடத்தில் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் பயிர் செய்து வாழ்ந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், வடக்கேயிருந்து வைக்கிங்குகள் நீளமான படகுகளில் வந்தார்கள். அதிகத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்தப் படகு மிதக்கும். அதனால் கரையோடு நிற்காமல் ஆற்றுக்குள்ளும் ஏறி வந்துவிடுவார்கள். மடாலயங்களில் இருந்த வெள்ளியை அள்ளினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள், ஆட்களை அடிமையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்படிப் பல வருடம். பிறகு வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. அங்கேயே நிலத்தைப் பங்கு போட்டு உழுதார்கள். சாக்சன் வீடுகளில் பெண் எடுத்தார்கள். முட்டைக்கும் கத்திக்கும் ஜன்னலுக்கும் இங்கிலீஷில் நாம் சொல்கிற வார்த்தைகள் அவர்கள் கொண்டுவந்தவைதானாம்.

மகளுக்குச் சாக்சன் பெண் வேடம். அதற்கு முந்தைய விழாக்களில் எல்லாம் திரை இழுக்கிற வேலைதான் கிடைத்தது. இந்த முறைதான் மேடை. முதல் காட்சியில் அவள் வீட்டை எரிப்பார்கள். கடைசிக் காட்சியில், எரித்த அதே வைக்கிங் ஏர் ஓட்டிக் களைத்து வருவான். இவள் செம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அத்துடன் திரை.

மேடையில் வீடு கட்டக் கீற்று வேண்டும் என்றார்கள். நாங்கள் இருக்கிற தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னங்கீற்றுக்கா பஞ்சம்? ஒரு சனிக்கிழமை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வைக்கிங் தலைவன் கோழிக்கடைக்காரர் மகன், இவளோடு ஒரே வகுப்பு. அட்டைக் கோடாரியை ஓங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க! ஊட்டுல இருக்கற வெள்ளியெல்லாம் எடுத்து வெளிய வெய்யுங்க!"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், நீ கொள்ளையடிக்க வந்திருக்கறயா, மொய் வெக்க வந்திருக்கறயா?"

"பொம்பளப் புள்ளைககிட்ட மரியாதையாப் பேசோணும்னு எங்கம்மா சொல்லியிருக்குதுங் மிஸ்."

எல்லோரும் சிரித்தோம். கடைசிக் காட்சி வந்தது. மகள் செம்போடு நின்றாள். கொடுக்கவில்லை.

"குடு கண்ணு" என்றார் டீச்சர்.

"இவன் என் ஊட்டை எரிச்சானுங் மிஸ். நான் எதுக்குத் தண்ணி குடுக்கோணும்?"

"அது மொத சீன். இப்ப பல வருசம் ஆயிப்போச்சு."

"வருசம் ஆனா ஊடு தானா வந்துருமாங் மிஸ்?"

டீச்சர் கோபப்படவில்லை. ஆனால், "திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். முடியாதுன்னா வேற புள்ளையப் போட்டுக்குவேன்" என்றார். மகள் முகம் சுருங்கிப்போனது.

மொபெட்டில் திரும்பும்போது, "நாடகந்தானே கண்ணு, குடுத்துப்போடு" என்றேன்.

"பொய்யாக் குடுக்கச் சொல்றீங்களாப்பா?"

கம்பெனியில் வரைபடம் கொடுத்தால் அதன்படி லேத்தில் இரும்பைக் கடைந்து கொடுப்பேன். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதே பழக்கத்தில்தான் மகளுக்கும் சொல்லிவிட்டேன் என்று பிறகு தோன்றியது.

வீட்டில் அவள் அம்மா விடவில்லை. "கேஸ் சிலிண்டர் போட வர்றவருக்குக்கூட நம்ம ஊட்டுல மொதல்ல தண்ணி. இவ ஆராட்ட பொறந்தாளோ!"

"அவரு நம்ம ஊட்டை எரிக்கலீங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புத்தகமும் கையுமாக இருந்தாள். சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்ப்பா, அந்த வைக்கிங் ஆரு காட்டுல ஏர் ஓட்டறான்?"

"அவன் காட்டுலதான்."

"பாத்தீங்களா? அவன் வேலைய அவன் செஞ்சுபோட்டு எங்கிட்டத் தண்ணி கேக்கறான். மொதல்ல வந்து என்ற கூரைய மேஞ்சு குடுக்கட்டும்."

திங்கட்கிழமை டீச்சரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். "அப்படிப் புஸ்தகத்துல இல்லையே அம்மணி" என்றாராம் அவர். "தண்ணி குடுத்தாங்கன்னும் இல்லீங்களே மிஸ்" என்றாளாம் இவள். டீச்சர் சிரித்துக்கொண்டே, கூரை மேய்ந்த பிறகுதான் தண்ணீர் என்று காட்சியை மாற்றிவிட்டார்.

விழா நாளில் நானும் மனைவியும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். கடைசிக் காட்சியில் வைக்கிங் பையன் ஸ்டூலில் ஏறிக் கீற்றைக் கட்ட ஆரம்பித்தான். கயிறு முடிச்சில் நிற்கவில்லை. கீற்று சரிந்தது. தூக்கி வைத்தான், மறுபடி சரிந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"தம்பி, எரிக்கறப்ப வெரசா எரிச்சுப்போட்டே!"

கூட்டமே சிரித்தது. பையனுக்கு நிஜமாகவே வியர்த்து ஒட்டுமீசை உரிந்து தொங்கியது. தண்ணீரைக் கொடுத்து முடித்துவிடு என்று டீச்சர் ஓரத்திலிருந்து சைகை காட்டினார். என் மனைவி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

மகள் செம்பைக் கீழே வைத்தாள். நேராகப் போய்ச் சரிகிற கீற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

"நீங்க அந்தப் பக்கமா இழுத்துக் கட்டுங்க. நான் புடிச்சுக்கறேன்."

இது ஒத்திகையில் இல்லாதது. பையன் அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு இழுத்துக் கட்டினான். முடிச்சு நின்றது. அவன் இறங்கியதும் அவள் செம்பை எடுத்துக் கொடுத்தாள். அவன் நடிக்கவில்லை, கடைசிச் சொட்டு வரை குடித்தான். திரை இழுக்க வேண்டிய பிள்ளை கைதட்டிக்கொண்டு நின்றதால் திரை விழவே இல்லை.

மொபெட்டில் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "அவனை மன்னிச்சுப்போட்டயா கண்ணு?"

"இல்லீங்ப்பா. அது கூரை மேஞ்சதுக்கு."

பிறகு என் முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்.

"இன்னும் செவுரு பாக்கி இருக்குதுங்க. நாளைக்கு அதைக் கட்ட வந்தான்னா, உக்கார வெச்சுச் சோறே போடுவேன்."