கட்டுக்குள் யாரும் வரக்கூடாது

மக்தலேனா இறந்துபோன செய்தி பபேடான் பேட்டைக்கு வந்தபோது காலை ஏழே முக்கால். நடைபாதையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த பவுனம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, நின்றவர்களிடம் இன்றைக்கு இவ்வளவுதான் என்றாள். தூக்கத்திலேயே மாரடைப்பாம். விழித்திருந்தால் அந்த மனுஷி சாவை வாசலிலேயே மறித்திருப்பாள் என்று பவுனம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அதே ஊரில் தாமுவே பேட்டையில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. அங்கே காயத்துக்குக் கட்டுப்போடும் அறையை முப்பது வருஷம் ஆண்ட நர்ஸ் மக்தலேனா. தமிழருக்கும் பர்மியருக்கும் அவள் 'சயாமா', பர்மிய மொழியில் டீச்சரம்மா. கை கழுவாமல் உள்ளே வந்த டாக்டர் ஒருவரை நோயாளிகள் முன்னாலேயே குழாயடிக்குத் திருப்பி அனுப்பியவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் த்வாண்டே அரிசி மில்லில், பின்னால் நகர்ந்த லாரி பவுனம்மாளின் தம்பி சிவராஜின் காலை நசுக்கிவிட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, சேறு அப்பிக் கிடந்தது. சீட்டு எழுதும்வரை மக்தலேனா பொறுக்கவில்லை. டாக்டரிடம் வாய்மொழியாகவே உத்தரவு வாங்கி, சீழ் பிடிக்காமலிருக்க முதல் ஊசியைப் போட்டுவிட்டாள். பிறகு செத்த சதையை வெட்டி எடுத்து, பாட்டில் பாட்டிலாக உப்புநீர் விட்டுக் கழுவி, வெளியே கம்பி பொருத்தி எலும்பை நிறுத்தினார்கள். சீழ் வைக்காவிட்டால் கால் பிழைக்கும், வைத்தால் எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்த மக்தலேனாவின் கை அப்படியே நின்றது. பஞ்சுக்கு அடியில், காயத்தின் விளிம்பில், சாம்பல் நிறத்தில் ஏதோ ஈரமாக ஒட்டியிருந்தது.

"யாரு வச்சது?"

"நான்தான்," என்றாள் பவுனம்மாள். "அம்மன் கோயில் விபூதி. கிறிஸ்தவங்களுக்கு அது ஆகாதோ?"

மக்தலேனா குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுக்காரர் ஆண்ட்ரூ காலுல அடிபட்டப்ப, மாதா கோயில்ல ஜெபிச்ச எண்ணெயை நானே காயத்துல ஊத்துனேன். அப்ப எனக்கும் தெரியாது. முதல்ல காலு போச்சு, அப்புறம் ஆளு. உங்க சாமியை நெத்தியில பூசு, வாயில போடு. இந்தக் கட்டுக்குள்ள மட்டும் யாரும் வரக்கூடாது. உங்க சாமியும் வேணாம், எங்க சாமியும் வேணாம்."

பவுனம்மாளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் மக்தலேனா நேரம் கொடுக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து விளக்கைப் பிடி என்றாள்.

காயத்தை அன்றே மறுபடி கழுவவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் இருக்கும் டீசல் பிரசவ அறைக்கே போதாது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். மக்தலேனா அவர் அறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உங்கள் கால் என்றால் காலைவரை வைத்திருப்பீர்களா என்று பர்மிய மொழியில் கேட்டாள். அவர் பேச்சை மாற்றினார். அவள் அதையே திரும்பக் கேட்டாள். நடைபாதையில் கூட்டம் சேர்ந்தது. வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்றார். நீக்குங்கள், கழுவி முடித்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றாள். அரை மணி நேரத்தில் எங்கிருந்தோ டீசல் வந்தது.

கால் பிழைத்தது. கொஞ்சம் சாய்த்து நடப்பான், அவ்வளவுதான்.

மக்தலேனாவின் அடக்கத்துக்கு சிவராஜ் நடந்தே போனான். பெட்டிக்குத் தோள் கொடுக்க முன்னால் நகர்ந்தபோது, தீமிதிக்கு விரதம் இருக்கிறவன் சாவைத் தொடலாமா என்று சொந்தக்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தோளு என்னோடது மாமா. நிக்கிற காலு அவங்களோடது. கையை எடுங்க."

பவுனம்மாள் தம்பியைத் தடுக்கவில்லை. மாமாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டுப்போடும் அறைக்குப் போனாள். வாசலில் ஒரு கிழவி, புண்ணில் அப்புவதற்கு மஞ்சள் பொட்டலத்தோடு காத்திருந்தாள்; பவுனம்மாள் அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே மேஜையில், சுவரில் மாட்டுவதற்காக மக்தலேனா எழுதிக்கொண்டிருந்த அட்டை கிடந்தது. பர்மிய மொழியில் நான்கு வரிகளும் முடிந்திருந்தன. தமிழில் நான்காவது வரி 'கையைக் கழுவாமல்' என்பதோடு நின்றிருந்தது.