கேட்டைப் பூட்டிய பிறகு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு தென்னந்தோப்புக்குள் தள்ளி இருக்கிறது நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம். எழுந்து நடமாட முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, இதுதான் என் வேலை. சிலர் ஆயா என்பார்கள், சிலர் அட்டெண்டர் என்பார்கள், பார்க்க வரும் பிள்ளைகள் சிஸ்டர் என்றும் கூப்பிடுவார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

ஊரடங்கு என்று டிவியில் சொன்ன மறுநாள் காலை, மேனேஜர் எங்கள் எல்லோரையும் சமையல்கட்டு வாசலுக்குக் கூப்பிட்டார்.

"வீட்டுக்குப் போறவுக இப்பமே போயிருங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ஆனா போனா திரும்ப உள்ள வர முடியாது. இங்கன இருக்கவுக வெளிய போக முடியாது. எம்புட்டு நாளுன்னு எனக்கே தெரியலை."

பாதிப் பேர் அன்றே கிளம்பிவிட்டார்கள். ஒருத்திக்குக் கைக்குழந்தை. இன்னொருத்திக்கு வீட்டில் நெஞ்சு நோயாளி மாமனார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. என் கணவர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மகள் அச்சன்புதூரில் என் தங்கச்சி வீட்டில் இருந்தாள். தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"வேலைய விட்டுட்டு வந்து என்ன செய்யப் போறக்கா? பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். நீ இரு" என்றாள். மகள் போனை வாங்கினாள். "சரிம்மா" என்றாள். பிறகு சித்தியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேரள எல்லையோரம் இருக்கும் புளியறையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவள் புளியறை அக்காதான். என்னைவிட மூத்தவள். கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டோடு இருந்தாள்.

"நீ இருக்கியாட்டி?" என்று கேட்டாள்.

"நீங்க?"

"நான் இருக்கேன். நீயும் இருந்தா ரெண்டு பேருமா தூக்கலாம்."

தனி ஆளாக ஒரு பெரிய உடம்பைத் தூக்கிப் பழகினால் இடுப்பு என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் கேட்டைப் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஷிப்ட் என்ற ஒன்று இல்லாமல் போனது. ஆண்களைக் குளிப்பாட்டித் துணி மாற்றும் அண்ணாச்சி ஒருவரும், சமையல்காரம்மாவும், நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். விடிகிறபோது தொடங்கினால் ஒரு சுற்று முடிவதற்குள் முதலில் துணி மாற்றியவருக்கு மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர் வருவது நின்றபோது பழைய வேட்டிகளைக் கிழித்துக் கட்டினோம். பிளீச்சிங் பவுடரும் சானிடைசரும் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும். அக்கா ஸ்பூனால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். "துரைசாணி ஆயிட்டேன் பாரு" என்பாள்.

மாஸ்க்கைப் போட்ட முதல் வாரத்திலேயே ஏட்டையா சாப்பிட மறுத்தார்.

அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலங்குளம் பக்கத்து ஊர்க்காரர். மகன் ராணுவத்தில் எங்கோ வடக்கே இருந்தான். ஏட்டையாவுக்கு ஞாபகம் போய் வந்துகொண்டிருந்தது. ஆட்களின் முகம் மட்டும் அவருக்கு எப்படியோ நின்றது. என் முகம் தெரியும். பெயர் தெரியாது, வேலை தெரியாது, ஆனால் பார்த்ததும் சிரிப்பார். மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தோடு போனதும் எழுந்து உட்கார்ந்து அதட்டினார்.

"எவ அவ? மூஞ்சியக் கட்டிட்டு உள்ள வருதா! ஏட்டி, துணிய எடு. எந்த ஊருட்டி நீ?"

"நான்தான் ஏட்டையா."

"களவாணிப் பயலுவதான் மூஞ்சிய மறைப்பானுவ. எனக்குத் தெரியாதா?"

கிண்ணத்தைத் தட்டிவிட்டார். மத்தியானமும் அப்படியே. அடுத்த நாளும் வாயை இறுக்கிக்கொண்டார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஊட்டினால் சாப்பிடுவார்தான். ஆனால் கேட்டில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து காய்கறியும் பாலும் வாங்கி இறக்குவதும் நான்தான். எதைக் கொண்டுவருகிறேனோ என்ற பயம் எனக்கே இருந்தது.

அக்காதான் ஒரு வழி சொன்னாள். அவர் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் நான் மாஸ்க்கை இறக்கிவிட்டு, தள்ளி நின்று பேசுவேன். உள்ளே அக்கா மாஸ்க்கோடு அவர் பக்கவாட்டில் நின்று, முகம் காட்டாமல் ஊட்டுவாள். ஏட்டையா என்னைப் பார்த்து, "சாப்டியாட்டி?" என்று கேட்பதற்கு வாயைத் திறப்பார். கஞ்சி உள்ளே போகும்.

"நீங்க எந்த ஸ்டேஷன்ல இருந்தீய ஏட்டையா?"

"புளியறை செக்போஸ்ட்ல நின்னேம்லா. ராத்திரி பூரா லாரி..."

"அங்கன காப்பி நல்லா இருக்குமாமே?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்பாள். அவர் அவள் பக்கம் திரும்ப மாட்டார். என்னிடமே பதில் சொல்வார். ஒருவருக்கு ஒரு வேளை ஊட்ட இரண்டு ஆள். ஊட்டுவதற்கு இருந்ததே இரண்டு ஆள். அந்த நேரத்தில் மற்றவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

சில மாதம் கழித்துக் கெடுபிடி தளர்ந்து, ஒரு முறை வீட்டுக்குப் போய்வர விட்டார்கள். அச்சன்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி தங்கச்சி தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு ஆச்சி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, அங்கனயே நில்லு. வயசாளிய இருக்க இடத்துல இருந்துல்லா வார" என்றாள். அவளுக்கே எண்பது வயதிருக்கும். தங்கச்சி கொல்லைப்புறத்தில் வெந்நீர் வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்தபோது மகள் பாவாடையைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. "நீ எப்பமா திரும்பப் போற?" என்றுதான் முதலில் கேட்டாள். நாளைக்கு என்றேன்.

மறு வருஷம் இரண்டாவது அலை வந்தபோது மறுபடி கேட்டைப் பூட்டினார்கள். இந்த முறை பூட்டுவதற்கு முன்பே நோய் உள்ளே வந்திருக்க வேண்டும். யார் மூலம் என்று தேடிப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். உடலைக் கொண்டுபோனவர்கள் எங்களைப் பக்கத்தில் விடவில்லை. நாங்கள் தினம் குளிப்பாட்டிய உடம்புகள் அவை.

அப்போது குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. அருவிக்கு ஆளே விடாத சீசன். காற்றும் சாரலும் மட்டும் வழக்கம்போல் வந்தன. எங்களுக்கு அந்தச் சாரல்தான் பெரிய தொல்லை. போர்வைகள் காயவில்லை. தாழ்வாரத்தில் கொடி கட்டி, அதுவும் போதாமல் மாடிப்படிக் கைப்பிடியில் எல்லாம் விரித்துப் போட்டோம். ஈரப் போர்வையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்து விரித்தேன். மழைக்கோட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவுன் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் உள்ளே வேர்வை தொடை வழியாக ஓடும்.

ஒரு நாள் அக்கா தண்ணீர்ப் பானையைத் தூக்கப் போனவள் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. மூச்சு எட்டலை."

மேனேஜர் ஆம்புலன்ஸுக்கு அலைந்தார். விசாரித்த இடத்திலெல்லாம் படுக்கை இல்லை. டாக்டர் போனில் சொன்ன மருந்துகளை வாங்கி, வாடகைக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் பிடித்து, மாடி அறையில் அவளைப் படுக்க வைத்தோம். அக்காவைக் குளிப்பாட்டுகிற வேலையும் என்னிடம் வந்தது. கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்வாள்.

"எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கேன். எனக்குன்னு வரும்போது வெக்கமா இருக்கேட்டி."

"பேசாதிய. மூச்சு வாங்கும்."

கீழே ஏட்டையாவுக்கு இனி எப்படி ஊட்டுவது? சமையல்காரம்மாவை ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்துப் பார்த்தோம். அந்த முகத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் நான் வெளியே நின்றேன், அண்ணாச்சி உள்ளே போய் ஊட்டினார். ஏட்டையா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்பூன் வாயருகே வந்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து ஸ்பூன் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"இது அந்தக் கை இல்ல" என்றார்.

"எந்தக் கை ஏட்டையா?"

"அந்தக் கை எங்க? அது மெதுவா வரும்லா."

ஒரு வருஷமாக அவர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நகரத் தோன்றவில்லை.

மாடிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியதும், "நுனி ஸ்பூன்ல குடுக்கச் சொல்லு. கீழ் உதட்டுல வச்சிட்டு கொஞ்சம் நேரம் பொறுக்கணும். அவுகளே இழுத்துக்கிடுவாவ" என்றாள். அண்ணாச்சியும் அப்படியே செய்து பார்த்தார். நானும் பக்கவாட்டில் மறைந்து நின்று செய்து பார்த்தேன். சில நாள் இரண்டு வாய், சில நாள் அதுவும் இல்லை. மகன் வீடியோ காலில் வந்து, "அப்பா, சாப்பிடுங்கப்பா" என்று யூனிபார்மோடு கெஞ்சினான். போனில் வந்த அந்த முகத்தையும் ஏட்டையாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். டெஸ்ட்டில் அவருக்குக் கொரோனா இல்லை. அதனால் இந்த முறை நாங்களே குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட முடிந்தது. மகன் வந்துசேர முடியவில்லை. சித்தப்பா மகன் என்று ஒருவர் ஆலங்குளத்திலிருந்து வந்து எடுத்துப் போனார்.

அக்காவிடம் அன்று சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்து முதல் முறையாகக் கீழே இறங்கி வந்தவள் காலிக் கட்டிலைப் பார்த்தாள். மடித்து வைத்த மெத்தையைத் தொட்டாள்.

"கடைசியா யாரு ஊட்டுனா?"

"நான்தான்."

"சாப்ட்டாவளா?"

"கொஞ்சம்."

தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரின் போர்வையைச் சரிசெய்தாள். அதற்கே மூச்சு வாங்கியது.

அதன்பிறகு அக்காவால் தூக்க முடியவில்லை. படியேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. "உடம்பு தேறட்டும், வீட்டுல இருந்துட்டு மெதுவா வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். சில மாதம் கழித்து அவள் வந்தபோது அவள் இடத்தில் செங்கோட்டையிலிருந்து ஒரு சின்னப் பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். அக்கா அந்தப் பெண்ணுக்கு ஒருவரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, பஸ் ஏறிப் போனாள்.

இப்போது எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. கேட்டு வாங்கியதுதான். சீசனில் இல்லத்துக்குக் கூட்டம் வருகிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ஈரத் தலையோடு காரை நிறுத்தி, அப்பாவையோ அம்மாவையோ பார்த்துவிட்டு, நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறேன். மகள் தென்காசியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறாள். நர்சிங் சேரலாமா என்று ஒரு முறை கேட்டாள். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

போன லீவில் புளியறைக்குப் போனேன். செக்போஸ்ட் தாண்டாமல் இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் அக்காவின் அண்ணன் சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் வேண்டாம் என்றேன். இல்லத்தில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். பழைய ஆட்களில் மிச்சம் இருப்பது கொஞ்சம் பேர்தான், சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டேன்.

"கண்ணெல்லாம் உள்ள போயிட்டுட்டி. சாப்ட்டுட்டு செத்த நேரம் படு" என்றாள்.

அக்காவின் மதினி புட்டும் கடலைக் கறியும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு உள்ளறைக் கட்டிலில் சாய்ந்தேன். ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது, என்மேல் ஒரு போர்வை இருந்தது, யாரும் என்னை எழுப்பியிருக்கவில்லை.

"தென்காசி பஸ் ரெண்டு போயிட்டு. எழுப்ப மனசு வரலை. அடுத்தது வரும், மூஞ்சியக் கழுவு" என்று அக்கா வாசலிலிருந்து சொன்னாள்.