ஆயரின் நாற்காலி

நெடுங்காலம் அந்த ஊர்த் தேவாலயம் சாதாரணப் பங்குக் கோயில்தான். ஆயரின் நாற்காலி எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம் என்பதால், ஊருக்கு முதல் ஆயர் வருகிறார் என்றதும் நாற்காலி செய்யும் வேலை தச்சரைத் தேடி வந்தது. தேக்கில் இழைத்து இழைத்துச் செய்தார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தான் செய்த நாற்காலியில் தானே உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிக்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டார். பீடத்தில் ஏற்றிவைத்த அன்றும் கால்மேல் கால் போட்டு நிதானமாகக் குடித்தார்.

டீ கொண்டுவந்த மனைவி வாசலை எட்டிப் பார்த்தாள். "எந்திரிங்க, யாராவது பார்த்தா மானம் போயிடும்."

"ஆயர் உக்காந்து நாற்காலிக் கால் ஆடினா என் மானம் போகாதா?"

அன்றிலிருந்து வீட்டில் அவர் பெயரே ஆயர். "ஆயரே, சாப்பாடு ஆறிப்போகுது" என்பாள்.

பிறகு பேராலயத்தின் வரலாற்றைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்தார்கள். இந்த ஆசனத்தில் முதலில் அமர்ந்தவர் முதல் ஆயர் என்றது கல். தச்சர் ஒருமுறை படித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அவர் இறந்ததும், அடக்கப் பூசைக்கு முன் பேராலயத்தில் பாதிரியார் அவர் மனைவியிடம் கேட்டார்: "பிரசங்கத்துல அவரைப் பத்தி என்னம்மா சொல்லட்டும்?"

"பெருசா ஒண்ணும் வேண்டாம், ஃபாதர்," என்றாள், பீடத்திலிருந்த நாற்காலியைப் பார்த்தபடி. "வாசல்ல இருக்கிற கல்லு தப்புன்னு மட்டும் சொல்லுங்க."