மனைவி பெயரில் ஒரு டோக்கன்

கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. போன வருடம் எடுத்த டெஸ்டில் எனக்கு விந்தணு குறைவு என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பீரோவில் ஒளித்துவிட்டு, வீட்டில் “நார்மல்” என்றேன். அதற்குப் பிறகு என் மனைவி செல்விதான் விரதம், பரிகாரம் என்று அலைந்தாள். 2007, ஆடி இரண்டாம் வெள்ளி. மண்சோறு சாப்பிட வைக்க அம்மா அவளைக் கோவிலுக்குக் கூட்டிப் போனார். இலை, தட்டு எதுவும் இல்லாமல் வெறும் தரையில் போட்ட சோறு. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குக் கிளம்பினேன். இந்த விஷயத்துக்கு எங்கள் ஊரில் எல்லோரும் ரகசியமாகச் சொல்வது அங்குள்ள ஒரு சித்த மருத்துவரைத்தான்.

விழுப்புரத்தில் 6.40 பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். ஊருக்குள் நுழையும் முன்பே ரெட்டியார்பாளையம் வந்துவிடும், கிளினிக் அங்கேதான். 7.55க்கு பஸ் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை.

“இந்த ஸ்டாப்பிங்தான கேட்டீங்க, எறங்கலியா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க, பஸ் ஸ்டாண்டுலயே எறங்கிக்கிறேன்.”

“அப்ப இன்னும் ஒரு ரூபா குடுங்க.”

பிறகு இரண்டு காபி குடித்தேன். கடற்கரைச் சாலையை இரண்டு முறை நடந்து அளந்தேன். பீச் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், ஒன்றும் கண்ணில் படவில்லை. கடைசியில் என்னை நானே திட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்கு ஷேர் டெம்போ ஏறினேன். நெல்லித்தோப்பு வழியாக மூன்று ரூபாய். பத்து மணிக்குக் கிளினிக்.

அங்கே டோக்கன் நோட்டில் நாமே பெயர் எழுத வேண்டும். வரிசையில் நிற்பதெல்லாம் ஆண்கள், நோட்டில் இருப்பதெல்லாம் பெண்கள் பெயர்! நானும் வெட்கத்தில் “செல்வி, விழுப்புரம்” என்று எழுதினேன். டோக்கன் தரும் அம்மாள் நோட்டைப் பார்த்துவிட்டுப் பழைய அட்டை ஒன்றைத் தேடி எடுத்தார்.

“வூட்டுக்காரரு ரவி நீங்கதான? உள்ள போங்க, டாக்டரம்மா உங்களத்தான் எதிர்பாத்துக்கினு இருக்காங்க.”

டாக்டருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது அதிகம் இருக்கலாம். “மூணு மாசம் முன்னாடி உங்க ரிப்போர்ட்ட எடுத்துக்கினு உங்க சம்சாரம் தனியா வந்தாங்க. ஆளப் பாக்காம மருந்து குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். ‘சரிங்க, அவரே சொல்ற வரைக்கும் நான் கேக்கமாட்டேன்’னு போயிட்டாங்க” என்றார். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அவள் இன்று தரையில் சாப்பிடப் போயிருக்கிறாள்.

அமுக்கரா, நெல்லி, பூனைக்காலி சேர்த்த மாத்திரை தந்தார். “ஆன்டிஆக்சிடன்ட்னு சொல்றாங்கல்ல, அந்த வகை. கட்டாயம் பலிக்கும்னு நான் சொல்லமாட்டேன். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுங்க. சிகரெட்ட விடுங்க. யூராலஜிஸ்ட்கிட்டயும் ஒரு தபா காட்டிடுங்க.”

வெளியே ஒரு ரூபாய் போனில் வீட்டுக்கு அடித்தேன். செல்விதான் எடுத்தாள். “பாண்டிலேர்ந்து பேசறேன்” என்றேன். “மருந்து குடுத்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. ஒன்பதரைக்குள் போனால் கூட்டம் குறைவு. ஒரு மாத மருந்து முந்நூற்றைம்பது ரூபாய். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மனைவியோடு போங்கள், உங்கள் பெயரையே எழுதுங்கள். மூன்று மாதம் முடிய எனக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. ரிசல்ட் என்னவோ என்று ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆனால் ஒன்றை அன்று சாயங்காலமே முடித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கு எந்தக் கோவில் என்று அம்மா பேச்செடுத்தார். “அவ எங்கியும் வரமாட்டாம்மா. கொற எங்கிட்டதான். போன வருசமே எனக்குத் தெரியும்” என்றேன்.

அம்மா செல்வியையே பார்த்தார். “அப்ப நான் இத்தினி நாளா இந்தப் பொண்ண...” என்றார். செல்வி சமையலறைக்குள் போய் வாய்விட்டு அழுதாள். இந்த ஆறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.